மதுரையில் பிறந்த சிங்களப் படமும் எங்கள் வீட்டுத் தமிழும்

இலங்கையின் முதல் சிங்களப் பேசும்படம் எடுக்கப்பட்டது இலங்கையில் அல்ல. 1947 ஜனவரியில் கொழும்பில் திரைக்கு வந்த 'கடவுனு பொறந்துவ' மதுரையில், சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோவில் எடுத்த படம். பணம் போட்ட எஸ். எம். நாயகம் தமிழர். இயக்கிய ஜோதிஷ் சிங் வங்காளி. கதை நீர்கொழும்பு மினர்வா குழு மேடையில் போட்டு ஊர் ஊராக ஓடிய நாடகம். கதாநாயகி ருக்மணி தேவியோ டெய்சி டேனியல்ஸ் என்ற பெயரில் பிறந்த கொழும்புச் செட்டி வீட்டுப் பெண். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. அந்த நாட்டின் பெரும்பான்மை மக்களுடைய மொழி திரையில் முதன்முதலாகப் பேசியது வைகைக் கரையில்தான்.

இதைச் சிங்கள நண்பர்களிடம் சொன்னால் சிலருக்குச் சங்கடமாக இருக்கும், சிலர் சந்தோஷமாகவே கேட்பார்கள். பக்கத்தில் ஒரு பெரிய நாடு இருந்தால் அதன் பாட்டும் படமும் நம் வீட்டுக்குள் வரத்தான் செய்யும், அதைத் தடுக்கவும் முடியாது, தடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. வந்து உட்கார்ந்த பிறகு நாம் நம்மை யார் என்று நினைத்துக்கொள்கிறோம் என்பதைத்தான் நான் பல வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து கொழும்பில் வாழ்கிறவன் நான். சிங்களவர்கள் இந்தியப் படத்தைப் பார்த்து "இது வெளியிலிருந்து வந்தது" என்று சொல்லிவிடலாம், சொல்லவும் சொன்னார்கள், அதற்கு மறுமொழியாகச் சில அருமையான காரியங்களையும் செய்தார்கள். எங்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. அது எங்கள் மொழியிலேயே வந்தது. எங்கள் கல்யாண வீட்டிலும், கோவில் திருவிழா லவுட்ஸ்பீக்கரிலும், சலூன் கண்ணாடிக்கு மேல் ஒட்டிய படத்திலும் அதுதான் இருந்தது. வெளியே எது, உள்ளே எது என்று கோடு போட முடியாத இடத்தில் நிற்பவர்களின் கதை இது, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கலாசாரம் என்று நாம் கதைப்பதில் பாதி இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. சென்னையில் எடுத்த படம் தன் செலவைத் தமிழ்நாட்டிலேயே எடுத்துவிடும். இலங்கைக்கு வரும் பிரதி அதற்கு மேல் கிடைக்கும் இலாபம், ஆகவே அதைக் குறைந்த விலைக்கு விற்கலாம். இலங்கையில் எடுத்த படம், சிங்களமோ தமிழோ, போட்ட ஒவ்வொரு ரூபாயையும் இந்தச் சின்னத் தீவின் டிக்கெட்டிலிருந்துதான் திருப்பி எடுக்க வேண்டும். தமிழ்ப் படமாக இருந்தால் அந்தத் தீவிலும் கால்வாசிப் பேரிடமிருந்து. தியேட்டர்களையும் விநியோகத்தையும் கையில் வைத்திருந்த கொழும்புக் கம்பனிகள் இந்தியப் படங்களைக் கொண்டுவந்து வளர்ந்தவை, அவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? சிங்களப் படம் எடுக்க வேண்டும் என்று மனம் வந்தபோதும் அவர்கள் நடிகர்களைக் கப்பலிலும் ரயிலிலும் ஏற்றி மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் சேலத்துக்கும் அனுப்பினார்கள். செட்டு அங்கே தயாராக நின்றது, கேமராக்காரரும் நடன ஆசிரியரும் அங்கே இருந்தார்கள், மெட்டும் அங்கிருந்தே வந்தது. தமிழ்ப் படத்தின் சட்டையைச் சிங்களத்துக்கு மாட்டிவிட்டது போல இருந்தன அந்தக் காலத்துப் படங்கள்.

அப்படியே விட்டிருந்தால் அது அப்படியே போயிருக்கும். சிங்களவர்கள் விடவில்லை.

இங்கே நான் சுனில் சாந்தவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழர்கள் பலருக்கு இந்தப் பெயரே தெரியாது. சாந்திநிகேதனிலும் லக்னோவின் பாத்கண்டே இசைக் கல்லூரியிலும் படித்துவிட்டு வந்தவர், இந்துஸ்தானி இசையைக் கரைத்துக் குடித்தவர், ஆனால் சிங்களப் பாட்டு இந்துஸ்தானியின் குட்டியாக இருக்கக்கூடாது என்று நம்பி, எளிமையான புது மெட்டுகளை உருவாக்கினார். 1940களின் கடைசியில் அவர் பாட்டு வானொலியில் வந்தால் நாடே கேட்டது. 1952இல் இலங்கை வானொலி தன் பாடகர்களைத் தரம் பிரிப்பதற்காக லக்னோவிலிருந்து பேராசிரியர் ரத்தன்ஜங்கரை அழைத்தது. அவர் முன்னால் போய்ப் பாடிக் காட்ட சுனில் சாந்த மறுத்துவிட்டார். எங்கள் பாட்டுக்கு மார்க் போட வெளியிலிருந்து ஏன் ஒருவர் வர வேண்டும் என்பதுதான் அந்த மறுப்பின் அர்த்தம். வானொலியின் கதவு அவருக்குப் பல வருடங்கள் மூடிவிட்டது. அதே தேர்வில் பாடி மேலே வந்தவர் பாடகர் அமரதேவ. அவரும் பிறகு லக்னோ போய்ப் படித்தார், திரும்பி வந்து கிராமத்துப் பாட்டையும் ராகத்தையும் கலந்து இன்று சிங்கள இசையின் முகம் என்று எல்லோரும் சொல்லும் ஒன்றைச் செய்தார். ஒருவர் மறுத்தார், மற்றவர் கற்று மாற்றினார். இரண்டு பேரையும் அந்தச் சமூகம் இன்று தன்னுடையவர்களாகக் கொண்டாடுகிறது. எனக்கு அமரதேவவின் குரல் பிடிக்கும், ஆனால் மனசு நிற்பது சுனில் சாந்தவின் பக்கம்தான்.

தேசிய கீதத்தை எழுதி மெட்டமைத்த ஆனந்த சமரக்கோனும் சாந்திநிகேதனில் படித்தவர்தான். தாகூரின் ஆசிரமத்திலிருந்து கொண்டுவந்த இசையில் இருந்து இலங்கையின் கீதம் பிறந்தது. "இந்தியச் செல்வாக்கு" என்று மேடையில் திட்டுகிறவர்கள் எழுந்து நின்று பாடும் பாட்டு அது.

1956இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்தை ஸ்டூடியோவை விட்டு வெளியே கொண்டுவந்து, இலங்கைக் கிராமத்தில், இலங்கை வெயிலில் எடுத்தார். மெட்டுப் போட்டவர்களில் ஒருவர் அதே சுனில் சாந்த. அடுத்த வருடம் படம் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவுக்குப் போனது, ஊரில் ஓடவில்லை. சென்னைச் சட்டைக்குப் பழகிய கண்களுக்கு அது படமாகவே தெரியவில்லை. ஏழு வருடம் கழித்து அவர் எடுத்த 'கம்பெரலிய', மார்ட்டின் விக்ரமசிங்கவின் நாவலிலிருந்து வந்தது, 1965இல் டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்க மயில் பரிசை வாங்கியது. இந்திய சினிமாவின் நகலாக இருக்க மறுத்த படத்துக்கு இந்தியாவே பரிசு கொடுத்தது. இந்த இடம் எனக்கு மிகவும் முக்கியம். பெரிய அயலவனின் மரியாதை நாம் அவனைப் போல் இருந்ததற்காகக் கிடைக்கவில்லை.

இன்னொன்று 'மனமே'. 1956 நவம்பரில் எதிரிவீர சரச்சந்திர மேடையேற்றிய நாடகம், சிங்கள தேசிய அரங்கின் தொடக்கம் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அவர் தேடிப் பிடித்த வடிவம் 'நாடகம' என்ற பழைய ஆட்டம். அது எங்கிருந்து வந்தது? மேற்குக் கரையோரக் கத்தோலிக்கர்கள் வழியாகத் தமிழ்க் கூத்திலிருந்து. சரச்சந்திர இதை மறைக்கவே இல்லை, எழுதியே வைத்திருக்கிறார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவருடன் வேலை செய்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மட்டக்களப்பில் ஆடிக்கொண்டிருந்த வடமோடி, தென்மோடி என்ற இரண்டு பாணிக் கூத்துகளைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்று 1960களில் வரிசையாக வந்தன. இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு பிறகு அதே துறையில் பேராசிரியரானார். நகரத்துப் படித்த தமிழர்கள் அதுவரை கூத்தைப் பட்டிக்காட்டு விஷயமாகத்தான் பார்த்தார்கள். நாடகம் என்றால் சென்னையிலிருந்து வரும் சபா நாடகம், அல்லது அதன் நகல். எங்கள் ஊர் வயலோரம் இரவு முழுக்க ஆடியதில் இருந்த பலத்தை, சிங்களவர் ஒருவர் எடுத்துக் காட்டிய பிறகுதான் நாங்கள் திரும்பிப் பார்த்தோம். இதை எழுதும்போது எனக்குக் கூச்சமில்லை, நன்றிதான் வருகிறது.

சரி, வானொலிக்கு வருவோம், ஏனென்றால் அங்கே கதை தலைகீழாகத் திரும்புகிறது. 1950களில் இந்திய ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்து அகில இந்திய வானொலியில் அதை நிறுத்தவைத்தார். பாட்டு கேட்க ஆசைப்பட்ட இந்தியா முழுவதும் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்கு வந்தது. கொழும்பிலிருந்து இந்திப் பாட்டு, கொழும்பிலிருந்து தமிழ்ப் பாட்டு. 1957இல் அகில இந்திய வானொலியே பாட்டுக்காக விவித பாரதி என்ற சேவையைத் தொடங்கிய பிறகும் பல வருடங்கள் அந்தப் பழக்கம் போகவில்லை. அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலும், பிறகு கே. எஸ். ராஜாவின் குரலும், பி. எச். அப்துல் ஹமீதின் குரலும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்த ஊர் ஆட்களின் குரல் போலப் பழகியிருந்தன. இன்றும் தமிழ்நாட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் நான் இலங்கை என்று சொன்னால் முதலில் முகம் மலர்வது அந்த வானொலியை நினைத்துத்தான்.

பெருமைதான். ஆனால் நாங்கள் அனுப்பியது என்ன என்று பார்த்தால் அவர்களுடைய பாட்டை அவர்களுக்கே. அறிவிப்பாளர்களின் உச்சரிப்பு அழகானது, சுத்தமானது, எங்கள் தெருவில் யாரும் அப்படிக் கதைப்பதில்லை. தெருவில் கதைப்பது எங்கே வந்தது என்றால் வானொலி நாடகத்தில். சானா என்று எல்லோரும் அழைத்த சண்முகநாதன் காலத்தில் 'லண்டன் கந்தையா' வந்தது, இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்' வந்தது. பிறகு சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்', ராமதாஸ் குழுவினரின் 'கோமாளிகள்'. என் அம்மம்மா 'தணியாத தாகம்' நேரத்தில் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து உட்காருவாராம், அயல் வீட்டுப் பெண்களும் வந்துவிடுவார்களாம். தன்னைப் போலக் கதைக்கும் ஒரு தாயைப் பெட்டிக்குள்ளிருந்து கேட்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. படத்தில் அழுத எந்தத் தாயும் அவரைப் போலக் கதைத்ததில்லை.

படத்தில் ஏன் அது நடக்கவில்லை? முயற்சி இருந்தது. 1962இல் 'சமுதாயம்', அடுத்த வருடம் மலையகத்தைக் களமாகக் கொண்ட 'தோட்டக்காரி', 1972இல் கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு', 1976இல் வானொலியிலிருந்து திரைக்குப் போன 'கோமாளிகள்', 1978இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 'வாடைக்காற்று'. இருபது வருடத்தில் எல்லாவற்றையும் சேர்த்தால் முப்பது தாண்டாது. இவற்றில் பல, உண்மையைச் சொன்னால், சென்னைப் படத்தைக் குறைந்த காசில் எடுத்தது போல இருந்தன. அதே காதல், அதே சண்டை, அதே டூயட், வெளிச்சம் மட்டும் மங்கல். கதாபாத்திரங்கள் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வாழ்ந்தார்கள், வாய் மட்டும் கோடம்பாக்கத்தில் இருந்தது. அப்படியான ஒரு படத்துக்கு ஒருவர் ஏன் காசு கொடுக்க வேண்டும், பக்கத்துத் தியேட்டரில் அசலே ஓடும்போது?

அப்புறம் 'பொன்மணி'. 1977. இயக்கியவர் தர்மசேன பத்திராஜ, சிங்களவர், அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவர். எழுதியவர் காவலூர் இராசதுரை. சீதனம் கொடுக்க வழியில்லாத வீடு, சாதி, அந்தச் சாதியைத் தாண்டிப் போகும் ஒரு பெண். யாழ்ப்பாணத்தின் வெறுமையான தெரு, கிணற்றடி, வேலி, எல்லாம் இருந்தது. சண்டை இல்லை, வில்லன் இல்லை. ஆட்கள் நிறுத்தி நிறுத்திக் கதைக்கிறார்கள், மெல்ல நடக்கிறார்கள். என் மாமா யாழ்ப்பாணத்தில் அந்தப் படத்தைப் பார்த்தவர். திரையில் ஒருவர் எங்கள் பேச்சில் வாய் திறந்ததும் தியேட்டரில் சிரித்தார்களாம், அது சிரிப்பு வரும் இடமே இல்லை என்று சொன்னார். ஓரிரு நாட்களிலேயே கூட்டம் இல்லாமல் போனது. தன் குரலைத் திரையில் கேட்டால் ஒரு சமூகத்துக்குச் சிரிப்பு வருகிறது என்றால் அந்தச் சமூகத்துக்கு என்ன நடந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அத்தனை வருடமும் பார்த்த படங்களில் கதாநாயகன் ஒரு விதமாகக் கதைத்தான், ஆகவே அந்த விதமாகக் கதைக்காதவன் கதாநாயகன் இல்லை, அவன் கோமாளி. தமிழ்நாட்டுப் படங்களிலும் எங்கள் பேச்சு எப்போதாவது வந்தால் சிரிக்கவைக்கவோ அழவைக்கவோதான் வந்தது. சும்மா வேலைக்குப் போய் வந்து, காதலித்து, கோபப்பட்டு வாழும் ஒரு சாதாரண மனுசனின் பேச்சாக வந்ததில்லை.

அரசாங்கம் கதவை மூடிப் பார்த்த கதையும் இருக்கிறது. 1970இல் வந்த சிறிமாவோ அரசு 1972இல் திரைப்படக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கிப் படங்களை இறக்குமதி செய்யும் உரிமையைத் தன்னிடம் எடுத்துக்கொண்டது. இந்திய வார, மாத இதழ்களுக்கும் நாவல்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. முற்போக்கு எழுத்தாளர்கள் அதற்கு முன்பே பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்த விஷயம் அது, ஈழத்து இலக்கியம் என்று ஒன்று தனியாக நிற்க வேண்டும், இந்த மண்ணின் பிரச்சினையை இந்த மண்ணின் பேச்சில் எழுத வேண்டும் என்று. விமர்சகர் கைலாசபதி தினகரன் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தபோது அந்த எழுத்துக்கு இடம் கொடுத்தார், டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய மல்லிகை இதழைத் தெருத் தெருவாக நடந்து விற்றார். கட்டுப்பாடு வந்த பிறகு அந்த எழுத்துக்குத் திடீரென்று சந்தை கிடைத்தது. வீரகேசரிப் பத்திரிகையின் பிரசுரமாக ஈழத்து நாவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, பஸ் நிலையக் கடையில் தொங்கின, சாதாரண ஆட்கள் வாங்கி வாசித்தார்கள். 'வாடைக்காற்று' அப்படி வந்த நாவல்தான், பிறகு படமானது. உள்ளூர்த் தமிழ்ப் படங்களிலும் கணிசமானவை அந்தப் பத்து வருடத்தில் வந்தவைதான். வாசிக்க வேறு இல்லாததால் வாசித்தார்கள் என்று சொல்லலாம், ஆனால் வாசித்தவர்கள் தங்கள் ஊரைப் புத்தகத்தில் கண்டார்கள்.

1977இல் ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசு வந்து பொருளாதாரத்தைத் திறந்தது. கப்பலில் எல்லாம் வந்தது, இதழ்களும் வந்தன. உள்ளூர்ப் பதிப்பு சில வருடங்களில் சுருங்கிவிட்டது. இதை வைத்து இரண்டு பக்கத்தாரும் வாதம் செய்வார்கள். தடை வேண்டும் என்பவர்கள் "பார், திறந்ததும் செத்துவிட்டது" என்பார்கள், தடை பிழை என்பவர்கள் "பார், தன் காலில் நிற்காத பிள்ளை" என்பார்கள். என் அபிப்பிராயம், அந்த ஆறேழு வருடம் போதவில்லை. பதிப்பாளருக்குக் கடனில்லை, நூலகங்கள் வாங்குவதற்கு ஒழுங்கில்லை, பள்ளிக்கூடத்தில் இந்த நாவல்கள் இல்லை. மூடியிருந்த நேரத்தில் வீடு கட்டியிருக்க வேண்டும், யாரும் கட்டவில்லை. அத்தோடு, இதழ்களைத் தடுத்த அதே அரசுதான் பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவரைப் பின்னுக்குத் தள்ளியது. அப்படியான கை செய்த ஒரு நல்ல காரியத்தை மக்கள் நல்லதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தமிழ்நாட்டோடு இருந்த ஒரு நூலையும் அறுக்கிறார்கள் என்றுதான் பலர் நினைத்தார்கள், நினைத்ததில் நியாயமும் இருந்தது.

இங்கேதான் சிங்கள தேசியத்தோடு எனக்கு ஒத்துப்போகாத இடம் வருகிறது. சுனில் சாந்த லக்னோவுக்கு எதிராகச் சொன்னது ஒன்று, அரசியல்வாதிகள் "இந்திய ஆதிக்கம்" என்று சொன்னபோது கையைக் காட்டியது பக்கத்து வீட்டுத் தமிழனை. சேலத்தில் பிறந்த மொஹிதீன் பெய்க் என்ற முஸ்லிம் பாடிய பௌத்தப் பாடல்கள் இல்லாமல் இன்றும் பௌத்தர்களின் வெசாக் பண்டிகை விடியாது. நாகர்கோவிலிலிருந்து வந்த ஆர். முத்துசாமி சிங்களப் படங்களுக்கு இசையமைத்தே வாழ்ந்தார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய' படத்துக்குப் பணம் போட்டவர் கே. குணரத்தினம், தமிழர். ஹெந்தலையில் அவருக்கு விஜயா ஸ்டூடியோ இருந்தது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் அதைக் கொளுத்தினார்கள். உள்ளே இருந்த படச்சுருள்களில் சிங்கள சினிமாவின் நெகடிவ்களும் எரிந்தன. சிங்களப் படங்கள் எடுத்த தமிழ் இயக்குநர் கே. வெங்கட் அந்தக் கலவரத்தில் கொல்லப்பட்டார். தங்கள் கலாசாரத்தைக் காப்பாற்றுவதாக நினைத்த கூட்டம் தங்கள் படங்களையே எரித்தது. உள்ளூர்த் தமிழ் சினிமாவும் அதோடு ஏறக்குறைய முடிந்தது. எடுக்கக்கூடியவர்கள் கப்பலேறினார்கள், பிறகு விமானமேறினார்கள்.

அதற்குப் பிந்திய காலத்தை வேகமாகத் தாண்டுகிறேன், போரைப் பற்றி எழுத இது இடமில்லை. 1990இலிருந்து வடக்கில் வருடக்கணக்கில் மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக வைத்து டைனமோவைச் சுற்றிப் பாட்டும் செய்தியும் கேட்டோம். அந்த இருட்டில் தமிழ்நாட்டுப் பாட்டு ஒரு துணை, அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

மலையகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் மேலே "நாங்கள்" என்று எழுதியது யாழ்ப்பாணத்தானின் "நாங்கள்". தேயிலைத் தோட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, பிறகு இந்தியாவுக்கு இத்தனை பேர், இலங்கைக்கு இத்தனை பேர் என்று சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்ணிப் பிரிக்கப்பட்ட மக்களுக்குத் தமிழ்நாட்டுப் படம் அயலவனின் பொருள் ஆகாது, அது விட்டுவந்த ஊரிலிருந்து வரும் தகவல். நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆரை அவர்கள் தங்கள் பிள்ளை என்று சொன்னால் அதில் கணக்குப் பிழை இல்லை. ஆனால் அதே தோட்டங்களில் இன்றும் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் ஆடுகிறார்கள், பல வாரம் விரதமிருந்து ஆடுகிறார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர் உங்களில் எத்தனை பேர்?

ஏனென்றால் தொலைக்காட்சியில் இப்போது இருப்பது வேறு. சென்னைத் தொடர்கள், இந்தியிலிருந்து தமிழுக்கு மாற்றிய தொடர்கள். சிங்களச் சானல்களிலும் இந்தித் தொடர்கள் சிங்களம் பேசுகின்றன. உள்ளூர்க் கலைஞர்கள் போராடி, 2006இல் வெளிநாட்டுத் தொடர்களுக்கும் படங்களுக்கும் வரி போடவைத்தார்கள். அந்த வரியால் சிங்களத் தொடர்களுக்கு ஏதோ ஒரு மூச்சு கிடைத்தது என்று துறையில் இருப்பவர்கள் சொல்வார்கள். உள்ளூர்த் தமிழ்த் தொடர் என்று கேட்டால் விரல் விட்டு எண்ண வேண்டும். கொழும்பில் என் அக்காவின் பிள்ளைகள் விளையாடும்போது சென்னைத் தமிழில் கோபப்படுகிறார்கள், யாழ்ப்பாணத் தமிழில் சாப்பாடு கேட்கிறார்கள். நாடகமாக எது சொன்னாலும் அது அங்கத்தைய மொழியில், வீட்டுத் தேவை மட்டும் எங்கள் மொழியில். பிள்ளைகளில் பிழை இல்லை, அவர்கள் பார்த்த நாடகம் எல்லாம் அப்படித்தான் கதைத்தது.

பாலு மகேந்திராவை உதாரணம் காட்டுவார்கள். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர், உலகத் தரமான ஒளிப்பதிவாளர். அவர் பூனா திரைப்படக் கல்லூரிக்குப் போனார், கேரளத்தில் வேலை செய்தார், சென்னையில் பெயர் எடுத்தார். சிலோன் மனோகரன் 'சுராங்கனி' பாடி இந்தியாவையே ஆடவைத்தார், பிறகு சென்னையில் அவருக்குக் கிடைத்தது வில்லனின் பக்கத்தில் நிற்கும் வேடம். போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இங்கே ஒரு கேமராவும் பத்துப் படமும் இருந்திருந்தால் பாலு மகேந்திராவின் கண் மட்டக்களப்பு வாவியை எப்படிப் பார்த்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

போருக்குப் பிறகு மறுபடி எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அசோக ஹந்தகம 2012இல் யாழ்ப்பாணத்தில் 'இனி அவன்' எடுத்தார், மறுபடியும் ஒரு சிங்கள இயக்குநர். 2018இல் கிங் ரட்ணத்தின் 'கோமாளி கிங்ஸ்' தியேட்டருக்கு வந்தது. 2015இலிருந்து யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் பெடியன்கள் கையில் கிடைக்கும் கேமராவில் குறும்படம் எடுத்து யூடியூப்பில் போடுகிறார்கள். அவற்றில் நடிப்பவர்கள் எங்களைப் போலக் கதைக்கிறார்கள், கீழே கருத்து எழுதுகிறவர்கள் யாரும் அதற்காகச் சிரிப்பதில்லை. 'பொன்மணி' ஓடிய நாட்களிலிருந்து இது ஒரு பெரிய தூரம்.

என் நண்பர் ஒருவர், தீவிர சினிமா ரசிகர், இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொல்வார்: "மச்சான், தமிழ் ஒன்றுதானே. சென்னைப் படமும் எங்கட படம்தான். தரம் இல்லாததை ஊர்ப் படம் என்பதற்காக நான் ஏன் பார்க்க வேணும்?" முதல் பாதியை நான் ஏற்கிறேன். எனக்கும் அது என் படம்தான், அதில் வளர்ந்தவன் நான். ஆனால் சென்னைப் படம் என்னை அறியாது. என் ஊரின் சாதியை, இடம்பெயர்ந்த முகாமை, காணாமல் போனவரைத் தேடி வெயிலில் உட்கார்ந்திருக்கும் தாயை, வெளிநாட்டுக் காசில் கட்டிய பூட்டிய வீட்டை அது எடுக்காது, எடுக்க அதற்குக் கடமையும் இல்லை. அதை நாங்கள்தான் எடுக்க வேண்டும்.

தரம் என்பதற்கு எனக்கு இருக்கும் பதில் வருடக் கணக்கு. சிங்கள சினிமா 1947இல் நகலாகத் தொடங்கியது. 'ரேகாவ' வர ஒன்பது வருடம், 'கம்பெரலிய' வர பதினாறு வருடம். இடையில் எத்தனையோ மோசமான படங்களைச் சிங்கள மக்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள், அந்தக் காசில் ஒரு தலைமுறை தொழில் கற்றது. பத்திராஜவின் ஒரே தமிழ்க் கதைப்படமாக 'பொன்மணி' நின்றுபோனது. இரண்டாவதை எடுக்க அவருக்குச் சந்தை இருக்கவில்லை.

அதனால் நான் கேட்பது பெரிய தடை எதுவும் இல்லை. சென்னைப் பெரிய நடிகரின் படம் வெளியாகும் வாரத்திலும் வடக்கு, கிழக்கு, மலையகம், கொழும்பில் ஒவ்வொரு தமிழ்த் தியேட்டரும் ஒரு காட்சியை இங்கே எடுத்த தமிழ்ப் படத்துக்கு விட வேண்டும், மாலைக் காட்சியாக, காலை பத்து மணியில் தள்ளாமல். வெளிநாட்டுத் தொடர்களிலிருந்து வரும் வரியில் ஒரு பங்கு உள்ளூர்த் தமிழ்த் தொடர் எழுதுகிறவர்களுக்குப் போக வேண்டும். தேர்தல் மேடையில் தமிழ்த் தேசியம் என்று கதைக்கிற நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்த இரண்டையும் எழுத்தில் கேட்கட்டும். புலம்பெயர்ந்த நாடுகளில் நட்சத்திர இரவுக்குச் சென்னையிலிருந்து நடிகர்களை அழைக்கச் செலவழிக்கும் எங்கள் ஆட்கள், அதில் ஒரு நிகழ்ச்சியின் காசை வவுனியாவில் படம் எடுக்கும் ஒரு பெடியனிடம் கொடுத்துப் பார்க்கட்டும். அவன் முதல் படம் சுமாராகத்தான் இருக்கும். இரண்டாவதற்கும் காசு கொடுக்க வேண்டும்.